ஒரே பட்டியல், எல்லா ஆப்பிலும்! கருங்குழி கடைக்கு இது கைகொடுக்குமா?

கருங்குழியில் நீங்க ஒரு மளிகைக் கடை வெச்சிருக்கீங்கன்னு வைங்க. நாலு ஆப்பில் விற்கணும்னா, அதே துவரம்பருப்புக்கு நாலு தடவை போட்டோ, விலை, ஸ்டாக் எல்லாம் ஏத்தணும். ஓர் ஆப்பை விட்டு வெளியே வந்தா, அங்கே சேர்த்த ரேட்டிங்கும் போச்சு!

இந்தத் தலைவலிக்காகத்தான் மத்திய அரசின் முன்னெடுப்பில் 2021 டிசம்பரில் ஓ.என்.டி.சி உருவானது. இது இன்னொரு ஷாப்பிங் ஆப் இல்லை. ஆப்களுக்கு நடுவே ஒரு பொதுமொழி. 'பெக்கன்' என்ற பொது விதிமுறையில் இயங்குகிறது. கடைக்காரர் ஓர் ஆப்பில் பட்டியலை ஏற்றினால் போதும். டெலிவரி எல்லைக்குள் இருப்பவர் வேறு ஆப்பில் தேடினாலும் கண்ணில் படும். 2022-ல் முதலில் சோதித்த 5 நகரங்களில் நம்ம கோவையும் ஒன்று.

சரி, கதவைத் திறந்துட்டா கூட்டம் வந்துடுமா? யு.பி.ஐ-யைப் பாருங்க. எந்த ஆப்பிலிருந்தும் எந்த க்யூ.ஆர் கோடுக்கும் பணம் போகும். ஆனாலும், சுமார் 80 சதவிகிதப் பரிவர்த்தனைகள் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு ஆப்கள் வழியாகத்தான் நடக்கின்றன. ஓர் ஆப்புக்கு 30 சதவிகிதம்தான் என 2020-ல் அறிவித்த வரம்பை அமல்படுத்தும் கெடு, 2026 இறுதிவரை தள்ளிப்போயிருக்கிறது.

பொதுமொழி வழியைத்தான் திறக்கும், வாடிக்கையாளரைக் கூட்டிவராது. அதனால், சேரும் முன் மூணு கேள்வி கேளுங்க. என் பட்டியலை வேறு ஆப்புக்கு அப்படியே எடுத்துட்டுப் போக முடியுமா? கமிஷன், டெலிவரி போக கையில் என்ன நிற்கும்? பொருள் உடைஞ்சு போய்ச் சேர்ந்தா பணத்தை யார் திருப்பித் தருவாங்க?

பதில் தெளிவா வந்தா, தைரியமா கடையை விரிங்க!