எல்லா மரமும் தேக்கு அல்ல

பழைய மர மேசைக்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டால் ஆசாரிகள் பலர் முகம் சுளிப்பார்கள். மரத்துக்கு மரியாதை பாலிஷ்தான், பெயிண்ட் என்பது குறையை மூடுகிற வேலை என்பது அவர்கள் கட்சி. தேக்கு, ஈட்டி விஷயத்தில் நானும் அந்தக் கட்சிதான். ரேகை ஓடும் பலகையில் பச்சை எனாமலைப் பூசுவது அநியாயம். ஆனால் பரணிலும் மொட்டை மாடியிலும் கிடக்கிற சாமான்களில் தேக்கு எத்தனை? பெரும்பாலும் வேம்பு, மா, பெயர் தெரியாத நாட்டு மரம். ஒரே மேசையில் கால் ஒரு மரம், பலகை வேறு மரம். பாலிஷ் ஏற்றினால் அந்த ஒட்டுவேலைதான் முதலில் கண்ணில் படும். இவற்றுக்கு வண்ணமே பொருத்தம்.

இதற்குக் கொலுப்படியே சாட்சி. செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சிக்கு மரபில் வண்ணம் கிடையாது, துணி உடுத்தினால் போதும். பக்கத்தில் நிற்கும் கொண்டப்பள்ளி பொம்மை பொனிகி என்ற லேசான மரம். அதன் உறுப்புகளைப் புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கொண்டு ஒட்டி, வெள்ளைப் பூச்சு கொடுத்து, உடம்பு முழுக்க வண்ணம் தீட்டுகிறார்கள். எந்த மரத்துக்கு எது என்பது கைவினைஞர்களுக்கு அத்துப்படி. ஐரோப்பாவிலும் 19ஆம் நூற்றாண்டில் மலிவான பைன் கதவுகளின் மேல் சீப்பாலும் தூரிகையாலும் ஓக் ரேகை வரைவதே தனித் தொழிலாக நடந்தது.

செலவும் பெரிதில்லை. அடிப்பூச்சு காய்ந்ததும் விளிம்புகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு வேறு நிற எமல்ஷன் அடித்தால், மெழுகு பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. உப்புத்தாளால் லேசாக வருடினால் அங்கே உரிந்து அடிநிறம் எட்டிப்பார்க்கும். இரண்டு பூச்சுக்கு நடுவே வெள்ளை மரப்பசையைத் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேல்பூச்சு கொடுத்தால், காயக் காயப் பாளம்பாளமாக வெடிக்கும். இந்த வெடிப்பு இழுப்பறை முகப்புக்கு அழகு. சாப்பாட்டு மேசைக்கு ஆகவே ஆகாது, சோற்றுப் பருக்கை போய்க் குடியேறும். (ஏற்கெனவே பழசான சாமானை இன்னும் பழசாகக் காட்டுவானேன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே நிறம் அடித்துவிட்டுப் போகலாம்.)

ஒரு மழைக்காலம் போனால் உரிந்துவிடும் என்பார்கள். உரிகிறதுதான். அதற்குக் காரணம் பெரும்பாலும் பெயிண்ட் இல்லை, அடியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் பழைய பாலிஷின் வழவழப்பும். சோப்பு நீரில் துடைத்து, உலர்த்தி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்த மேசை சுலபத்தில் உரியாது. மரத்தின் கறை வெள்ளைப் பூச்சில் பழுப்பாக மேலேறினால், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஒரு பூச்சு கொடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். பாலிஷ்காரர் கையாளும் அதே அரக்குதான்.

நான் பதில் சொல்லாமல் ஒப்புக்கொள்ளும் ஆட்சேபம் ஒன்று உண்டு: ஈயம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை உலர்ந்தபடி தேய்த்தால் தூசியோடு ஈயமும் பறக்கலாம். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்க வேண்டும், முகக்கவசம் வேண்டும், குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. அடுக்கடுக்காகப் பழைய எனாமல் பொரிந்து நிற்கும் தொட்டில் என்றால், அது எந்த மரமானாலும், தேய்க்கவும் வேண்டாம், அதில் குழந்தையைப் போடவும் வேண்டாம்.