ஆறு தோட்டாக்களின் கணக்கு

"ஆறு வாங்கினேன், ஆறு குடுத்துட்டேன்." இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் சொல்வது இதுதான். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா சோறு போடுவார். பினாங்கு ஜார்ஜ் டவுனில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து கோப்ரலாக ஓய்வு பெற்றவர் அப்பா. வேலையைப் பற்றி அதற்கு மேல் வீட்டில் பேசமாட்டார்.

அந்த ஆறும் அவருடைய ரிவால்வரின் தோட்டாக்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், பாயின்ட் முப்பத்தெட்டு. வேலைக்குக் கிளம்புமுன் ஆயுத அறைச் சன்னலில் நின்று துப்பாக்கியின் எண்ணை வாசித்துச் சொல்ல வேண்டும். தோட்டாக்களை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். திரும்பி வந்தால் அதே சன்னல், அதே புத்தகம், அதே எண்ணிக்கை.

ரிவால்வரின் ஒரு குணத்தை அப்பா ஒரு தைல டப்பாவைச் சுழற்றி எனக்கு விளக்கினார். சுட்டால் குண்டு போய்விடும். வெற்றுக் கூடு உருளைக்குள்ளேயே தங்கிவிடும். சுட்டவரே திறந்து கொட்டினால்தான் வெளியே வரும். எத்தனை முறை சுட்டார் என்பதை அந்தத் துப்பாக்கியே வைத்திருந்து காட்டும்.

இன்று நம் போலீஸ் படையிடம் வால்தர் பி99 போன்ற கைத்துப்பாக்கிகள் இருக்கின்றன. அவற்றில் பதினைந்து தோட்டாக்கள் போடலாம். சுட்டதும் கூடு வெளியே தெறித்துத் தரையில் விழுகிறது. பழைய ரிவால்வரையே திரும்பக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கொள்ளையன் கையில் பதினைந்து இருக்கும்போது ஆறோடு எந்தப் போலீஸ்காரரும் நிற்கக்கூடாது. தரையில் விழுந்த கூடுகளை யார் எண்ணுகிறார்கள், எண்ணியதை யாரிடம் சொல்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

2013 ஆகஸ்டில் இங்கே சுங்கை நிபோங்கில், ஓர் அடுக்குமாடி வீட்டில் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். முதலில் சுட்டவர்கள் அவர்கள்தான் என்றது போலீஸ். மறுநாள் நாளிதழை வைத்துக்கொண்டு அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தனை கூடு கெடச்சுதாம்?" அவர் கையிலிருந்த நாளிதழில் அது இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை வந்தது. 2010 முதல் 2012 வரை படையிலிருந்து 44 துப்பாக்கிகள் காணாமல் போயிருந்தன. சில கடலில் விழுந்திருக்கலாம் என்று அப்போதைய போலீஸ் படைத் தலைவர் சொன்னார். ஆறு தோட்டாவுக்குக் கையெழுத்துப் போட்டு வாழ்ந்த மனிதர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் மரண விசாரணை கட்டாயம் என்கிறது நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம். போலீஸ் சுட்டு வீதியில் இறந்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதையும் கட்டாயமாக்க வேண்டும். எத்தனை தோட்டாக்கள் போயின, எத்தனை கூடுகள் கிடைத்தன, யார் துப்பாக்கியிலிருந்து வந்தன என்பதெல்லாம் திறந்த நீதிமன்றத்தில் வாசிக்கப்பட வேண்டும். 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையத்தால் பரிந்துரைக்கத்தான் முடியும், தண்டிக்க முடியாது. அதை மட்டும் நம்பி நாம் இருக்க முடியாது.

இப்படிக் கேட்டால் போலீஸ்காரர்களின் மனம் உடைந்துவிடும் என்கிறார்கள். முப்பத்தொரு வருட வேலையில் அப்பா ஒரே ஒரு முறை சுட்டார், அதுவும் வானத்தைப் பார்த்து. அன்று விடியும்வரை உட்கார்ந்து எழுதிக்கொடுத்தார். ஐந்து தோட்டாக்களையும் ஒரு வெற்றுக் கூட்டையும் சன்னலில் வைத்தார். பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார்: "எண்ணிப் பாத்து அவங்க கையெழுத்துப் போட்டாங்க பாரு, அப்புறந்தான்மா எனக்குத் தூக்கம் வந்துச்சு."