மஞ்சள் கொடியை நம்பி ஓடுகிறவர்கள்

பந்தயத்தில் ஒரு பைக் விழுந்தால் முதலில் கொடி ஆட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆள் ஓட வேண்டும். கொடி காட்டவும் விழுந்தவர்களுக்கு உதவவும் வளைவில் நிற்கும் மார்ஷலுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் இது; கடைப்பிடிக்கக் கஷ்டமானதும் இதுதான். கண்ணெதிரே ஒரு பையன் தார்ச்சாலையில் உருண்டு போகும்போது கால் தானாகவே அவனை நோக்கி ஓடப் பார்க்கும். ஆனால் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பைக்குகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை ஓட்டுகிறவர்கள் மஞ்சள் கொடியைப் பார்த்து வேகம் குறைத்தால்தான் விழுந்தவனும் பிழைப்பான், தூக்க ஓடியவனும் பிழைப்பான்.

சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் 1990-ல் வந்தது. அதற்கு முன் சோழவரத்தில், பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. இரண்டையும் நடத்தியது 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். இப்போதைய தடம் சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். தேசியப் போட்டி நடக்கும் வார இறுதிகளில் இங்கே ஓட்டுகிறவர்களில் பலர் முழுநேர வீரர்கள் இல்லை. கல்லூரியில் படிக்கிறவர்கள், வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகளும்கூட. புதியவர்களுக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. அவற்றில் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி பைக், ஒரே வேகம். அதனால் கூட்டமாகவே வளைவுக்குள் நுழைகிறார்கள். முன்னால் போகிறவன் ஒரு கணம் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துவிட்டால் பின்னால் இருவர் சேர்ந்து சரிகிறார்கள். பெரிய போட்டிகளைவிட இங்கே வேகம் குறைவு. ஆனால் யார், எங்கே, எப்படி விழுவார் என்று கணிக்கவே முடியாது. மார்ஷலுக்கு வேலை அதிகம் இருப்பது இங்கேதான்.

அந்த வேலையை அருகில் நின்று பார்த்தால் அதன் ஒழுங்கு புரியும். விழுந்தவன் தானாக எழுந்துவிட்டால் அவனைத் தடத்திலிருந்து வெளியே, டயர்ச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அடி பட்ட பதற்றத்தில் பல பையன்கள் நேராகத் தங்கள் பைக்கை நோக்கி ஓடுவார்கள். கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருக்கும். எழவில்லையென்றால் அவனைத் தொடக் கூடாது. ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. கழுத்தெலும்பில் அடி இருந்தால் ஆசையாகத் தூக்கும் கையே ஆளை முடக்கிவிடும். வாக்கி-டாக்கியில் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு அவன் அருகிலேயே இருந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்துவதா என்று மேலே முடிவெடுப்பார்கள்.

அடுத்தது பைக். முதலில் கில் சுவிட்சை அழுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். சைலன்சர் கொதிக்கும், பெட்ரோல் கசியும், உடைந்த கிளட்ச் லீவர் கத்திபோல நீட்டிக்கொண்டிருக்கும். நூற்றைம்பது கிலோ வண்டி சரளையில் புதைந்து கிடந்தால் இரண்டு பேர் தூக்கினாலும் லேசில் வராது. குனிந்து தூக்குகிறவரால் வருகிற வண்டிகளைப் பார்க்க முடியாது. அவருக்குப் பதிலாகப் பார்க்க இன்னொருவர் நிற்பார். அவர் விசில் அடித்தால் பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். தரையில் எண்ணெய் சிந்தியிருந்தால் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடியைக் காட்டிவிட்டு, உறிஞ்சும் பொடியைத் தூவிப் பெருக்க வேண்டும். பந்தய பைக்குகளில் எண்ணெய் போல்ட்டைத் துளையிட்டுக் கம்பியால் கட்டச் சொல்வது இதற்காகத்தான். ஒரு போல்ட் கழன்றால் பின்னால் வரும் பத்துப் பேர் வழுக்குவார்கள். இத்தனையும் சுமார் இரண்டு நிமிடத்துக்குள் நடந்தாக வேண்டும். ஒரு சுற்று முடித்துக் கூட்டம் மறுபடி அதே வளைவுக்கு வர அவ்வளவு நேரம்தான் ஆகும்.

அங்கே புதியவர்களுக்கான ஒரு பந்தயத்தில் நான் பார்த்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. வளைவின் வெளிப்பக்கம் இரண்டு மார்ஷல்கள் பைக்கைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் கொடி ஆடிக்கொண்டிருந்தது. அதே இடத்தில் ஒருவன் முன்னால் போனவனை முந்தினான். எனக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கொடி ஒரு வாக்குறுதி. நீ வேகம் குறைப்பாய் என்று நம்பித்தான் முகம் தெரியாத ஒருவர் உன் தோழனைக் காப்பாற்றத் தடத்தின் ஓரத்துக்கு வருகிறார்.

அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் சுசூகா தடம் சாட்சி. 2014 அக்டோபரில் மழையில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில், விபத்துக்குள்ளான ஒரு காரை டிராக்டர் வண்டி அப்புறப்படுத்திக்கொண்டிருந்தது. இரட்டை மஞ்சள் கொடி ஆடியது. ஜூல்ஸ் பியாங்கியின் கார் கட்டுப்பாடு இழந்து அந்த வண்டிமீதே மோதியது. மறு ஆண்டு ஜூலையில் அவர் இறந்தார். அவர் போதுமான அளவு வேகம் குறைக்கவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. அதன்பின் ஆபத்து நேரத்தில் எல்லாக் கார்களையும் கட்டாயமாக வேகம் குறைக்க வைக்கும் முறையை 2015-ல் ஃபார்முலா 1 கொண்டுவந்தது. நம் ஊர் பைக் பந்தயத்தில் வளைவில் நிற்பவருக்கு அந்தத் துணித்துண்டைத் தவிர வேறு காவல் இல்லை.

எல்லாம் சரியாக நடந்தும் காப்பாற்ற முடியாமல் போவதும் உண்டு. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் விழுந்து இறந்தான். பந்தயம் உடனே நிறுத்தப்பட்டது, ஆம்புலன்ஸ் தடத்திலேயே இருந்தது. ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வார இறுதியின் மீதிப் பந்தயங்கள் ரத்தாயின. அந்தப் பிள்ளையிடம் முதலில் ஓடிப் போனவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கும் மனம் தேற யாராவது துணை நின்றிருக்க வேண்டும்.

மஞ்சள் கொடியை மதிக்க வைக்க வழி உண்டு. உலக பைக் பந்தயமான மோட்டோஜிபியில் தகுதிச் சுற்றின்போது மஞ்சள் கொடி ஆடும் பகுதியைக் கடந்தால் அந்தச் சுற்றின் நேரமே செல்லாது. எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பயனில்லை என்று தெரிந்ததும் அங்கே வீரர்கள் தாமாகவே தணிகிறார்கள். நம் அமெச்சூர் பந்தயங்களிலும் அதே கண்டிப்பு வேண்டும். மஞ்சளில் முந்தினால் அன்றைய புள்ளிகள் போக வேண்டும். மறுபடி செய்தால் அந்தப் பருவம் முழுக்க ஓட்ட விடக் கூடாது. பிள்ளைக்கு லெதர் சூட்டும் ஹெல்மெட்டும் வாங்கித் தரும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பந்தயம் முடிந்து வந்ததும் எத்தனையாவதாக வந்தாய் என்று கேட்பதற்கு முன், மஞ்சள் கொடி பார்த்த இடத்தில் வேகம் குறைத்தாயா என்று கேளுங்கள்.