மேலங்கியும் ஓட்டமும்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றபோது, நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, இந்த ஸ்னோவுக்குள்ளயும் ஓடுறீங்களாமே, இந்த வயசில இது தேவையா?” என்று கேட்டார். அன்போடு கேட்ட கேள்வி அது. அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனாலும் அதற்கு நேர்மையான பதிலொன்று சொல்லவேண்டும் என்று இந்த வாரம் முழுவதும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அதற்குக் காரணம் வேறொரு குரல். மருத்துவர் சர்க்கரை நோயைப் பற்றி எச்சரித்தபின், கோடையில் சனிக்கிழமைதோறும் என்னோடு ஓட வந்த சகோதரர் ஒருவர் நவம்பரில் நின்றுவிட்டார். தொலைபேசியில் அழைத்தேன். “ஸ்பிரிங்கில பாப்பம் ஐயா” என்றார். அந்தக் குரலில் சோம்பல் இல்லை, சோர்வு இருந்தது. ஓடுவதை மட்டுமல்ல, வீட்டைவிட்டு வெளியே வருவதையே அவர் விட்டிருந்தார்.

அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் பல ஆண்டுகள் மே மாதத்தில் தொடங்கி நவம்பரில் நிறுத்தியவன்தான். மறுபடியும் மே வரும்போது முதல் கிலோமீற்றரிலேயே மூச்சு வாங்கும். உடலின் இயல்பு அப்படி. பயிற்சியை முற்றிலும் நிறுத்திய இரண்டு மூன்று வாரங்களிலேயே, இரத்தத்தைச் செலுத்தும் திறனும் தசைகள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறனும் குறையத் தொடங்குகின்றன. ஆனால் அதே உடலுக்கு இன்னொரு நல்ல இயல்பும் உண்டு. பெற்றுக்கொள்வதற்கு எடுத்த உழைப்பைவிடக் காத்துக்கொள்வதற்குக் குறைந்த உழைப்பே போதும். வாரத்தில் ஐந்து நாள் ஓடியவர், முயற்சியின் தீவிரத்தைக் கைவிடாமல் இரண்டு மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டாலும், பெற்றதில் பெரும்பகுதியைக் குளிர்காலம் முடியும்வரை காத்துக்கொள்ளலாம். ஆகவே என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: தூரத்தைக் குறையுங்கள், ஒழுங்கை நிறுத்தாதீர்கள்.

நமக்கு அருகிலுள்ள ஹமில்டன் நகரைப் பாருங்கள். அங்கே மார்ச் மாத இறுதியில் ‘அரவுண்ட் த பே’ என்னும் 30 கிலோமீற்றர் ஓட்டம் நடைபெறுகிறது. அது 1894ஆம் ஆண்டில் தொடங்கியது. பொஸ்டன் மரதனைவிட மூன்று ஆண்டுகள் மூத்தது. மார்ச் மாத இறுதியில் ஓடவேண்டியவர் எப்போது பயிற்சி செய்யவேண்டும்? ஜனவரியிலும் பெப்ரவரியிலும்தான். வசந்தத்தில் ஓடும் கால்கள் குளிர்காலத்தில்தான் உருவாகின்றன.

ஜப்பானைச் சேர்ந்த யூகி கவாவுச்சி என்பவர் முழுநேர ஓட்டக்காரராக இல்லாமல், பாடசாலை அலுவலகமொன்றில் அரச ஊழியராகப் பணிசெய்துகொண்டே ஓடியவர். 2018 ஜனவரி முதலாம் திகதி, மாசசூசெற்ஸ் மாநிலத்தின் மார்ஷ்ஃபீல்ட் என்னும் ஊரில், பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 17 பாகை குளிரில், ஒரு முழு மரதனை 2 மணி 18 நிமிடம் 59 செக்கனில் ஓடிமுடித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் பொஸ்டன் மரதன் நாளன்று கொட்டும் குளிர்மழை, எதிர்காற்று. முன்னணி வீரர் பலர் பாதிவழியில் விலகினார்கள். கவாவுச்சி 2 மணி 15 நிமிடம் 58 செக்கனில் முதலாவதாக வந்தார். அந்த வானிலை தமக்கு ஏற்றதாகவே இருந்தது என்று பின்னர் கூறினார். குளிரோடு முன்னமே பழகியவரை அன்றைய குளிர் அச்சுறுத்தவில்லை.

ஆயினும், அன்பானவர்களே, இதன் மறுபக்கத்தையும் நான் சொல்லியாகவேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் உறைமழை பெய்த ஒரு காலையில், “இன்று வேண்டாம்” என்று என் மனைவி தடுத்தார். விடாமுயற்சியைப் பற்றிப் பிரசங்கித்துவிட்டு வீட்டிலிருப்பதா என்று வெளியே போனேன். மூன்றாவது தெருத் திருப்பத்தில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆறு வாரங்கள் திருவிருந்துத் தட்டை வேறொருவர் பிடிக்கவேண்டியிருந்தது. அன்று என்னை வெளியே தள்ளியது விடாமுயற்சி அல்ல, வீம்பு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் இதுதான்: விடாமுயற்சி ஆலோசனையைக் கேட்கும், வீம்பு கேட்காது.

எனவே ஓட நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனியுங்கள். பருத்தி ஆடை வியர்வையைப் பிடித்துவைத்து உடலைக் குளிரவைக்கும். ஈரத்தை வெளியேற்றும் உள்ளாடை, வெப்பம் காக்கும் நடு ஆடை, காற்றைத் தடுக்கும் மேலாடை என்று அடுக்காக அணியுங்கள். புறப்படும்போது சற்றே குளிரவேண்டும். அதுவே சரியான அளவு. காற்றை எதிர்த்துத் தொடங்கி, வியர்த்தபின் காற்று முதுகில் படுமாறு திரும்புங்கள். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. ஆகையால் ஒளியைப் பிரதிபலிக்கும் உடை அவசியம். காற்றோடு சேர்ந்த குளிரின் அளவு −28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகலாம். அத்தகைய நாளிலும் உறைமழை நாளிலும் ட்ரெட்மில்லில் ஓடுங்கள், அல்லது மாடிப்படி ஏறி இறங்குங்கள். அது தோல்வி அல்ல. இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவேண்டாம். குளிர் இரத்தக்குழாய்களையும் மூச்சுக்குழாய்களையும் சுருக்கவல்லது.

தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தை இந்த வாரம் மறுபடியும் வாசித்தேன். தம் ஓட்டத்தை முடித்துவிட்டதாகப் பவுல் அங்கேதான் சொல்லுகிறார். அந்த வசனத்தை நாம் அடக்க ஆராதனைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரும்படியும், குளிர்காலம் தொடங்குமுன் வந்துசேரும்படியும் அவர் கேட்டுக்கொள்வதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. ஓட்டத்தை முடித்த அந்த மனிதருக்குக் குளிர்ந்தது. அதை மறைக்கவில்லை. அங்கி வேண்டும் என்று கேட்டார். அங்கியோடு ஒரு நண்பனும் வேண்டும் என்று கேட்டார்.

அந்தத் தாயாருக்கு என் பதில் இதுவே: அம்மா, ஓடுவது தேவைதான், அங்கியோடும் துணையோடும் ஓடுவது அதைவிடத் தேவை. இந்த நாட்டின் குளிர்காலம் நம் மக்களில் பலரை வீட்டுக்குள் ஒவ்வொருவராகப் பூட்டிவைக்கிறது. அந்தச் சகோதரர் தனியாக ஓடவேண்டியிருந்ததால்தான் நின்றுவிட்டார் என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். “வாருங்கள்” என்று தொலைபேசியில் அழைத்தேனேயன்றி, அவர் வீட்டு வாசலுக்கு நான் போகவில்லை.

வரும் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவர் வீட்டு மணியை அழுத்தப்போகிறேன். ஓட முடியாவிட்டால் இருவரும் நடப்போம். அதுவும் முடியாவிட்டால் தேநீர் அருந்துவோம். உங்கள் தெருவிலும் நவம்பரிலிருந்து வெளியே காணாத ஒருவர் இருப்பார். அவருக்காக ஜெபியுங்கள், ஜெபித்தபின் சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்