சட்டமுன்வடிவைப் படிக்க அவகாசம் வேண்டும்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மாண்புமிகு தலைவர் அவர்களுக்கு,

வழக்கறிஞர்கள் உறுப்பினராவதால் அவையில் இயற்றப்படும் சட்டம் தானே செம்மையுறும் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டில் நெடுங்காலமாக நிலவுகிறது; அது முழுமையானதன்று என்பதற்கு, காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பெரும்புதூர்த் தொகுதியின் உறுப்பினராக 1957 முதல் 1967 வரை விளங்கிய எம். பக்தவத்சலத்தின் பொதுவாழ்வே சான்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட அவர், 1937இல் இராஜாஜி அமைச்சரவையின்கீழ் நாடாளுமன்றச் செயலாளராக, அதாவது அமைச்சரின் பணியில் துணைநிற்கும் உறுப்பினராக, அமர்த்தப்பட்டு, விடுதலைப் போராட்டத்தில் சிறையும் சென்று, 1946இல் அமைச்சராகி, 1963 அக்டோபர் 2 அன்று முதலமைச்சரானார்.

அதே 1963இல் நாடாளுமன்றம் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம், 1965 சனவரி 26க்குப் பின்னும் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது. 'படலாம்' என்பது அனுமதியே; 'படவேண்டும்' என்பதே கடமை. இவ்வேறுபாட்டை மாநிலங்களவையில் வற்புறுத்தியவர் சட்டம் பயிலாதவரும், காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவரும், 1962 தேர்தலில் அவ்வூரிலேயே தோற்றவருமான சி. என். அண்ணாதுரை ஆவார். வழக்கறிஞரான முதலமைச்சரோ, 1965இல் இந்தித் திணிப்புக்கு எதிராக எழுந்த மாணவர் கிளர்ச்சியைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவே கருதினார். விளைவு துப்பாக்கிச் சூடு வரை சென்றது. அவருடைய நேர்மையில் குறை காண வேண்டியதில்லை; சட்டவாசகத்தின்கீழ் வாழப்போகிறவரின் அச்சத்தை அவர் அதில் படிக்கவில்லை என்பதே குறை. 1967இல் அவர் தம் தொகுதியிலேயே தோற்றார். அதே ஆண்டு இறுதியில் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, ஆங்கிலத்தின் தொடர்ச்சியைக் கட்டாயமாக்கியது.

காஞ்சிபுரத்தின் அன்றாடம் இன்றும் சட்டவாசகங்களால்தான் நடக்கிறது: கோயில் மனையில் வீடு கட்டி அடிமனை வாடகை செலுத்துபவர் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கும், பட்டு நெய்து கூட்டுறவுச் சங்கத்தில் கூலி பெறுபவர் 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்துக்கும் உட்பட்டவர். ஆயினும், இவற்றைத் திருத்தும் சட்டமுன்வடிவுகள், அதாவது நிறைவேற்றத்துக்கு முன் அவையில் வைக்கப்படும் வரைவுகள், கூட்டத்தொடரின் கடைசி நாள்களில் கொத்தாக நிறைவேறுவது எக்கட்சி ஆண்டாலும் காணப்படும் வழக்கமாகிவிட்டது. அவ்வேகத்தில், தேர்ந்த வழக்கறிஞராயினும் பிரிவுக்குப் பிரிவு படிப்பதற்கு வழியில்லை.

எனவே, நெசவாளரையும் கோயில் குடியிருப்போரையும் தொடும் எந்தச் சட்டமுன்வடிவும் விவாதத்துக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்பாகவே உறுப்பினர்க்கும் பொதுமக்களுக்கும் தமிழில் கிடைக்குமாறும், அவற்றுள் முதன்மையானவை தெரிவுக்குழுவுக்கு, அதாவது வரைவைத் தனியே ஆராய்ந்து அறிக்கையளிக்கும் உறுப்பினர் குழுவுக்கு, அனுப்பப்படுமாறும், அக்குழு காஞ்சிபுரத்துக்கே வந்து தறிக்காரர்களின் சொல்லைக் கேட்டுப் பதிவு செய்யுமாறும் பேரவைத் தலைவர் ஆவன செய்தல் வேண்டும்.