தபால் சீர்திருத்தமும் தோட்டத்து லயமும்

சீர்திருத்தம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் மகிழ்ச்சி கொள்ள வேண்டியவர்கள் நாம். பழையது என்ற ஒரே காரணத்திற்காக எதனையும் காப்பாற்ற வேண்டுமென்று நாம் ஒருநாளும் வாதித்ததில்லை. ஆயினும் இக்காலத்தில் அச்சொல் எவர் வாயினின்று புறப்படுகின்றது என்று பார்த்துக்கொண்ட பிறகே மகிழ்வதா, மடியைத் தடவிப் பார்த்துக்கொள்வதா என்று நிச்சயிக்க வேண்டியிருக்கின்றது. கோயிலில் சீர்திருத்தம் என்றால் பதறுகின்ற கனவான்கள், கூலிக்காரனுடைய வேலையில் சீர்திருத்தம் என்றால் மட்டும் ஆனந்தக் கூத்தாடுவது ஏன்?

இப்பொழுது தபாலுக்குச் சீர்திருத்தம் செய்ய வேண்டுமாம். கடிதம் எழுதுவோர் குறைந்துவிட்டனர், தபால் ஸ்தாபனம் ஆண்டுக்காண்டு நஷ்டப்படுகின்றது, ஆகையால் ஆட்களைக் குறை, சுற்று வழிகளைச் சுருக்கு, எஞ்சிய வேலையைக் கண்டிராக்டில் விடு என்பதே அச்சீர்திருத்தத்தின் சாரம். இதனைக் கேட்டுத் தபால்காரர்கள் கலங்கியிருக்கின்றனர். “எங்கள் கையில் தொலைபேசி இருக்கின்றது, தபால்காரர் பாடு எங்களுக்கென்ன?” என்று நெகிரி செம்பிலான் தோட்டத்துத் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். அவருக்குப் பதிலாகவே இதனை எழுதுகின்றோம்.

தபாலாபீசு தோட்டத்துத் தமிழனுக்கு என்னவாக இருந்தது என்பதை முதியோர் அறிவர். சேலத்திலும் திருச்சியிலும் தஞ்சையிலும் விட்டுவந்த தாய் தந்தையருக்கு மணியார்டர் சென்ற வழி அது. பிறந்தது, இறந்தது, கலியாணம், கடன் யாவும் கிராணியாரோ பள்ளி ஆசிரியரோ எழுதிக் கொடுத்த தாளில் மடிந்து கடல் கடந்த வழி அது. சேமிப்பு என்பதைக் கற்ற இடமும் அதுவே. 1974-ஆம் ஆண்டு டிசம்பரில் தேசிய சேமிப்பு வங்கி ஏற்றுக்கொள்ளும் வரையில், தபாலாபீசுச் சேமிப்புப் புத்தகம் லயத்து வீட்டுப் பெட்டியில் துணிக்கடியில் பத்திரமாக இருந்தது. இவையெல்லாம் போன காலத்துக் கதை என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். கதைக்காக எவருக்கும் சம்பளம் கொடுக்கும்படி நாம் கேட்கவில்லை.

நாம் பேசப் புகுவது இன்றைய கடிதத்தைப் பற்றியே. இன்று தோட்டத்துக்கு வரும் கடிதம் எத்தகையது? தாயின் நலம் விசாரித்த கடிதமன்று. கோர்ட்டு அழைப்பு, சேமநிதிக் கணக்கு, ஆஸ்பத்திரித் தவணை, பிறப்புப் பதிவு சம்பந்தமான விசாரணை, பிள்ளையின் மேற்படிப்புக்கான அழைப்பு, வீட்டைக் காலி செய் என்னும் நோட்டீசு ஆகியவையே. ஊர்க்கதை சொன்ன கடிதங்கள் போய்விட்டன. பிந்தி வந்தால் ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கக்கூடிய கடிதங்கள் நின்றுவிட்டன. எண்ணிக்கையை மட்டும் எண்ணுகின்ற நிர்வாகிகளுக்கு இது எங்ஙனம் புலப்படும்?

அக்கடிதமும் எவ்வாறு வந்து சேருகின்றது என்று பாருங்கள். ரந்தாவிலும் லிங்கியிலும் பகாவிலும் பல தோட்டங்களில் தொழிலாளிக்குத் தெருப் பெயரும் கிடையாது, சொந்தக் கதவிலக்கமும் கிடையாது. தோட்டத்தின் பெயர், அதன்கீழ் 71000 என்றோ 72100 என்றோ ஓர் எண், அவ்வளவே அவன் விலாசம். தபால்காரர் தோட்டத்து ஆபீசிலோ, வாயிலில் உள்ள மளிகைக் கடையிலோ கட்டைக் கொடுத்துவிட்டுப் போகின்றார். பிறகு அது கிராணியாரின் கருணையைப் பொறுத்தது. போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டமொன்றில் எம் உறவினர் வீட்டுப் பிள்ளைக்கு வந்த நேர்முகப் பரீட்சை அழைப்பு, பரீட்சை நடந்து நான்கு நாள் கழித்து ஆபீசு மேசையிலிருந்த பழைய கணக்குப் புத்தகத்தின் அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது. “தம்பி, நீ வந்து கேட்டிருக்கலாமே” என்றார் கிராணியார். வராத கடிதத்தை வந்ததா என்று தினமும் போய்க் கேட்பது எந்த ஊர் வழக்கமோ அறியோம். இன்னும் ஒரு விசித்திரம் உண்டு. லயத்தைவிட்டு வெளியேறு என்று தொழிலாளிக்கு நோட்டீசு அனுப்புகின்ற அதே நிர்வாகத்தின் மேசைதான், அதனை எதிர்த்து வக்கீல் அவனுக்கு எழுதும் கடிதத்தையும் முதலில் வாங்கிக்கொள்ளுகின்றது!

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய அவலமன்று. இலங்கை மலையகத்து லயன்களில் வாழும் நம்மவரும் சொந்த விலாசமின்றித் தோட்ட நிர்வாகத்தின் மூலமாகவே கடிதம் பெற்று, வேலையும் படிப்பும் தவறவிட்ட செய்தி நெடுநாளாகப் பேசப்படுவதே. ஆகவே தோட்டத்தின் பொருட்டுத் தபாலில் சீர்திருத்தம் வேண்டுமென்று கேட்டால், தபால்காரர் லயத்தின் கதவு வரையில் வரவேண்டும் என்பதே அச்சீர்திருத்தமாகும். வாயில் வரையில் வந்தவரையும் நிறுத்துவது சீர்திருத்தமாகாது.

நஷ்டம் என்கின்றனரே, அதன் வரலாறு யாது? தபால் சர்க்கார் இலாகாவாக இருந்தது. 1992 ஜனவரி முதல் போஸ் மலேசியா என்னும் கம்பெனியாயிற்று. பிறகு அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. 2011-இல் சர்க்கார் முதலீட்டு ஸ்தாபனமாகிய கசானா தன்னிடமிருந்த 32 சதவிகிதத்துக்குச் சற்று மேற்பட்ட பங்கை டி.ஆர்.பி. ஹைக்கோம் என்னும் தனியார் குழுமத்துக்கு விற்றது. 2012-ஆம் ஆண்டுத் தபால் சேவைச் சட்டத்தின்கீழ், நாடெங்கும் ஒரே கட்டணத்தில் கடிதம் சேர்ப்பிக்கும் பொதுக் கடமை இக்கம்பெனியின் தலையில் இருக்கின்றது. 2010 ஜூலையில் சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 30 காசிலிருந்து 60 காசாயிற்று. ஒருபுறம் கடிதம் குறைந்தது. மற்றொருபுறம் பொட்டலம் பெருகியது. பொட்டலத்திலோ இலாபத்தை நாடி நூற்றுக்கு மேற்பட்ட உரிமக்காரர் புகுந்துவிட, 2020-இல் புதிய உரிமம் கொடுப்பதையே சர்க்கார் நிறுத்தி வைக்க நேர்ந்தது.

இதில் தபால்காரர் செய்த குற்றம் எங்கே இருக்கின்றது? பகாவுக்கு அப்பால் செம்பனைக் காட்டுக்குள் ஒரு கடிதத்தைக் கொண்டுபோகும் கடமை ஒருவனுக்கு. சிரம்பான் பட்டணத்தில் வீட்டுக்கு வீடு பொட்டலம் போட்டுக் காசு திரட்டும் உரிமை நூறு பேருக்கு. கடமையுள்ளவன் நஷ்டப்படுவான், கடமையில்லாதவன் கொழுப்பான் என்பதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டுமோ? பொதுக் காரியத்தை வியாபாரத்தின் கணக்கில் எழுதி வைத்துவிட்டு, கணக்கு உதைக்கின்றதே என்று மோட்டார் சைக்கிளில் மழையிலும் வெயிலிலும் போகின்றவனுடைய சம்பளத்தைப் பார்ப்பது எவ்வித நியாயம்? பாதை போடுவதில் எவ்வளவு இலாபம் வந்தது என்று சர்க்காரை எவரும் கேட்பதில்லை.

எதிர்வாதத்தையும் ஒளிக்க மாட்டோம். கடிதம் குறைந்தது மெய்யே. டென்மார்க்கில் 2000-ஆம் ஆண்டிலிருந்து கடிதம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குறைந்தது. 1624 முதல் நடந்துவந்த கடித விநியோகத்தை அங்குள்ள தபால் ஸ்தாபனம் 2025 டிசம்பர் 30-ஆம் தேதியோடு நிறுத்தியே விட்டது. 1,500 பேருக்கு வேலை போயிற்று. இதனைக் காட்டி, “பார், முன்னேறிய நாடே விட்டுவிட்டது” என்பர். ஆனால் அந்நாட்டில் சர்க்கார் கடிதங்கள் கணிப்பொறி வழியாகவே ஜனங்களுக்குச் சேரும்படி பல ஆண்டுகளாக ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு தபாற்பெட்டியைப் பிடுங்கினார்கள். நாமோ, சொந்தக் கதவிலக்கமே இல்லாதவனிடம் பெட்டியைப் பிடுங்கப் பார்க்கின்றோம். தலைக்குக் குல்லாய் தைக்குமுன் முடியை மழித்துவிடுவது போன்ற அவசரம் இது.

இனி, ஆட்களைக் கண்டிராக்டில் விடுதல் என்பதைப் பற்றி. இதனைப் பற்றித் தோட்டத்துத் தோழருக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அவரே நமக்குச் சொல்லக்கூடியவர். 1951 முதல் 1960 வரையில் வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நடந்ததைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து நூலாகவே வெளியிட்டார். பெயர்ப் பதிவில் இருந்த ஆள் ஒரே நாளில் கண்டிராக்டரின் ஆளானான். வேலை அதே, மரம் அதே, உளியும் அதே. போனவை பிரசவச் சலுகையும், மருந்துக் கொட்டகையும், நாளை வேலை உண்டு என்னும் நிச்சயமுமே. இதே நெகிரி செம்பிலானின் தொழிற்சங்கத்திலிருந்து கிளம்பிய பி. பி. நாராயணன் போன்றோர் 1954-இல் மாநிலச் சங்கங்களை ஒன்றுகூட்டித் தேசியச் சங்கம் கண்டது, தனித்தனியே நின்றால் தனித்தனியே ஒழிக்கப்படுவோம் என்றறிந்தே. பிறகும் நீலாயிலும் லாபுவிலும் செண்டாயானிலும் தோட்டங்கள் நகரங்களாயின. அவற்றை நகரமாக்கியதும் அபிவிருத்தி என்ற நல்ல பெயரால்தான். ஆகவே, தபால்காரரிடத்தில் பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, விடுமுறையும் நோய்க்காலச் சம்பளமும் இல்லாத ஆளை நிறுத்தினால், அது எங்கே போய் முடியும் என்பதைத் தோட்டத்தான் முன்கூட்டியே அறிவான். அத்தகைய உழைப்பாளிகளுக்காக 2025-இல் மலேசியப் பாராளுமன்றம் தனிச் சட்டமொன்று இயற்ற வேண்டி வந்ததே, அவர்கள் நிலை எத்தகையது என்பதற்குச் சான்று போதாதா?

நம் மூதாதையர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டுக் கிராமங்களை நோக்கினால் இதன் முதிர்ந்த கோலத்தைக் காணலாம். அங்கே கிராமத்துத் தபாலைச் சுமக்கின்றவர்கள் இலாகாவுக்கு ‘அப்பாற்பட்ட’ சிப்பந்திகள் என்று தலைமுறை தலைமுறையாக வைக்கப்பட்டிருந்தனர். நாளொன்றுக்குச் சில மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட படி. மற்றத் தபால் சிப்பந்திகளுக்குள்ள ஓய்வூதியமில்லை. அவர்கள் வகிப்பதும் சர்க்கார் பதவியே என்று 1977-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியும் அந்தஸ்து மாறவில்லை. 2016-இல் வந்த கமலேஷ் சந்திரா கமிட்டியின் சிபாரிசுகளை நிறைவேற்றக் கோரி 2018 மே 22 முதல் 16 நாள் அவர்கள் வேலைநிறுத்தம் செய்யவேண்டி வந்தது. கமிட்டி போட்டது சர்க்கார், அறிக்கை வாங்கியது சர்க்கார், அதனைப் படிக்க வைப்பதற்குத் தொழிலாளி பட்டினி கிடக்க வேண்டும்!

நிர்வாகத்தைப் பற்றிய வார்த்தை ஒன்று. சீர்திருத்தக்காரர் முதலில் வாங்குவது இயந்திரம். கடைசியில் கேட்பது தொழிலாளியின் அபிப்பிராயம். 2025 ஆகஸ்டில் இலங்கைத் தபால் ஊழியர்கள் கைரேகை இயந்திரத்தையும் மேலதிக வேலைக் கொடுப்பனவையும் குறித்து ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். வந்த நேரத்தைப் பதிவது அக்கிரமம் என்று நாம் ஒப்பமாட்டோம். பால்மரக்காட்டில் விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்களின் பிள்ளைகள் அவ்வாறு சொன்னால் எடுபடாது. ஆனால் இயந்திரம் தவறினால் பொறுப்பாளி யார் என்று அவர்கள் கேட்டால் அது முழு நியாயம். பிரிட்டனில் ஹொரைசன் என்னும் கணிப்பொறிக் கணக்கை வேதவாக்காக நம்பி, 1999 முதல் 2015 வரையில் 900-க்கு மேற்பட்ட உப தபாலதிபர்களைத் திருடர் என்று தண்டித்தார்கள். சிறை சென்றார்கள், சொத்திழந்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவரும் உண்டு. குற்றம் இயந்திரத்தினுடையது என்று தெரிந்தும் பாராளுமன்றம் சட்டமியற்றித் தண்டனைகளை அழித்தது 2024-இல்தான். கடவுள் சொன்னார் என்பதை ஆராயாமல் நம்பக்கூடாதென்று சொல்லும் நாம், கணிப்பொறி சொல்லிற்று என்பதை மட்டும் ஆராயாமல் நம்பலாமா?

இனி நம்மவர் குறையையும் சொல்லியாக வேண்டும். 1952 மே மாதத்தில் சிங்கப்பூரில் சுமார் 500 தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இளம் வக்கீல் லீ குவான் யூ அவர்களுக்காக வாதாடினார். இரண்டு வாரம் கடிதமின்றித் தவித்த பொதுஜனங்கள் அவர்கள்மேல் சினம் கொள்ளாது அனுதாபமே காட்டினர். இன்று அத்தகைய அனுதாபம் நம்மிடம் உண்டா? தபால்காரர் கடையில் கட்டைப் போட்டுவிட்டுப் போகின்றார் என்று திட்டுகின்றோம். ஒருவருக்கே எத்தனை மைல் சுற்று, எத்தனை பொட்டலம் என்று விசாரிக்கின்றோமா? தபால் ஊழியர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லயத்துக் கதவு வரையில் போவது எங்கள் வேலையல்ல என்று அவர்கள் இருந்துவிட்டால், அவர்கள் வேலை போகும் நாளில் லயத்திலிருந்து குரல் எழாது.

ஆதலின் நாம் கேட்பது இது. ஆளைக் குறைப்பதற்கு முன்னர், நெகிரி செம்பிலானில் எந்தெந்தத் தோட்டத்துக்கு வாரத்தில் எத்தனை நாள் தபால் போகின்றது, யார் கையில் கொடுக்கப்படுகின்றது என்னும் அட்டவணையைக் கம்பெனியும், அதனை மேற்பார்வை செய்யும் தொடர்புத்துறை ஆணையமும் வெளியிட வேண்டும். ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் இலக்கமும் பூட்டுள்ள பெட்டியும் வேண்டும். பொதுக் கடமையின் செலவைப் பொதுப் பணத்திலிருந்தோ, பட்டணத்துப் பொட்டலத்தில் இலாபமடைகின்ற அனைவரிடமிருந்தோ வாங்க வேண்டும். நிரந்தர வேலையைக் கண்டிராக்டுக்கு மாற்றும் பேச்சில் தொழிற்சங்கப் பிரதிநிதி உட்கார வேண்டும்.

இதனைப் படிக்கும் தோட்டத்துத் தோழர்கள் இந்த வாரம் ஒரு காரியம் செய்யட்டும். தம் பெயருக்குத் தாமே ஒரு கடிதத்தைச் சிரம்பானிலோ பகாவிலோ தபாலில் போடட்டும். எந்நாள் போட்டது, எந்நாள் வந்தது, யார் கையில் வந்தது, உறை பிரிந்திருந்ததா என்று குறித்து, தோட்டத்தின் பெயரோடு நமக்கு எழுதட்டும். வந்தவற்றையும், வராதவற்றையும் வரிசைப்படுத்தி இப்பக்கங்களிலேயே வெளியிடுவோம்.