அடுப்பை வாங்குமுன் வயரைப் பாருங்கள்

2022ஐ நம் வீடுகளில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்குப் போனது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்த காலம் அது. ஐந்து நாள் கொழுந்து பறித்தால் ஒரு சிலிண்டர், அதுவும் கிடைத்தால். அன்று காலி சிலிண்டரை மூலையில் வைத்துவிட்டு மிலாறு பொறுக்கப் போன பல வீடுகளில் இன்று இன்டக்ஷன் அடுப்பைப் பற்றிப் பேச்சு. பதுளையிலும் பண்டாரவளையிலும் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்கலாமா என்று கிளைக் கூட்டங்களில் தாய்மார் கேட்கிறார்கள்.

நல்ல சாமான்தான். பிரட்டுக்கு ஓடும் காலை நேரத்தில் சில நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கிறது. புகை இல்லை. விறகுப் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்று உலக சுகாதார அமைப்பு பல காலமாகச் சொல்லி வருகிறது. ஜன்னல் இல்லாத லயன் அடுப்படியில் ஊதுகுழலோடு உட்கார்ந்த நம் பெண்களுக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் முதல் பிரச்சினை சட்டியில் வரும். இந்த அடுப்பில் நெருப்பு கிடையாது. கண்ணாடிக்குக் கீழே உள்ள சுருள் உண்டாக்கும் காந்தப்புலம் சட்டியின் அடியையே சூடாக்குகிறது. அதனால் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேலை செய்யும். நம் வீட்டில் இருப்பதோ பெரும்பாலும் அலுமினியச் சட்டி, மண்சட்டி. இரண்டும் உதவாது. சில்வர் பாத்திரங்களிலும் சில ஒட்டும், சில ஒட்டாது. பழுதான ரேடியோ ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் ஒன்று போதும். அதைக் கடைக்கே கொண்டுபோய்ச் சட்டியின் அடியில் வைத்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. அடி தட்டையாகவும் இருக்க வேண்டும். குழிந்த இரும்புத் தாச்சி சரிவராது. தட்டையான இரும்பு ரொட்டிக்கல் வேலை செய்யும், ஆனால் மெதுவாகச் சூடேற்றுங்கள், கண்ணாடியில் போட்டு இழுக்காதீர்கள். முதலில் சோற்றுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று என இரண்டு சட்டி போதும். 'செட்' என்று தவணைக்குத் தருபவர்களிடம் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது பில். 1,000 வாட் அடுப்பு ஒரு மணித்தியாலம் எரிந்தால் ஒரு யூனிட். காலைத் தேத்தண்ணி, இரவுக் கறி என்று நாளுக்கு ஒரு யூனிட் போனால் மாதம் 30. இதுவரை 40 யூனிட் எரித்த வீடு 70க்குப் போகும். 60ஐத் தாண்டினால் மேலதிக யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே வேறு, கூடிய கட்டணம். ஆகவே உங்கள் பழைய பில்லைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 60க்குக் கிட்ட நிற்கும் வீடு, சோற்றை விறகில் வைத்து அவசரச் சமையலை மட்டும் இதில் செய்வது புத்தி. கொதி வந்ததும் வாட்டைக் குறையுங்கள், மூடி போடுங்கள். விறகடுப்பை இடித்துவிட வேண்டாம். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததும் இதே நாட்டில்தான்.

இனி நமக்கு உண்மையில் பயம் தரும் விஷயம். 2,000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். லயனில் பல காம்பராக்களில் இருப்பது பல்புக்காகப் போட்ட வயரும் 5 அம்பியர் பிளக்கும். அடுத்த வீட்டிலிருந்து ஓட்டுக்கு மேலால் இழுத்த வயரில் வாழும் குடும்பங்களும் உண்டு. அந்த வயரில் இந்த அடுப்பைப் போட்டால் வயர் சூடாகும், உருகும். லயனில் ஒரு காம்பரா எரிந்தால் ஒன்றோடு நிற்காது, கூரை ஒன்றுதானே. அப்புறம் 'மின் ஒழுக்கு' என்று ஒரு வரி எழுதி, குடும்பங்களைப் பாடசாலை மண்டபத்தில் படுக்க வைப்பார்கள்.

எனவே தனி வயரில் வந்த 13 அம்பியர் பிளக்கும், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்சும் இல்லாத வீட்டில் இதைப் போடாதீர்கள். மல்டி பிளக்கில் வேண்டவே வேண்டாம். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் கரண்ட் விழ வேண்டும். விழவில்லையென்றால் அது சுவரில் தொங்கும் அலங்காரம்.

வயரை மாற்றும் செலவைத் தொழிலாளி தலையில் கட்ட முடியாது. லயன் தொழிலாளியின் சொத்தல்ல. சொந்தப் பெயரில் மீட்டர் கேட்டால் தோட்டத்துக் கடிதம் வேண்டும் என்கிறார்கள், கடிதம் கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள். வீடு யாருடையதோ வயருக்கும் அவர்களே பொறுப்பு. கம்பனிகளும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் லயன் வயர்களைத் தகுதியான மின்னியலாளரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று கேட்கப் போகிறோம்.

வெறும் கையோடு போய்க் கேட்க முடியாது. தோட்டக் கமிட்டித் தலைவர்களும் தலைவிமாரும் லயன் வாரியாக மூன்று விஷயங்களை எழுதித் தாருங்கள்: தனி மீட்டர் உண்டா, ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா, வயர் எங்கிருந்து வருகிறது. அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பட்டியல் கையில் இருக்கட்டும்.